டெமோவின் சாயலில் ஒரு ஆல்பம்: கரோல் கிங்கின் 'டேப்ஸ்ட்ரி' உருவான கதை

1971 ஜூன் 19 தேதியிட்ட, பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் தரவரிசைப் பட்டியலில் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு), ஆல்பம் இரண்டிலும் முதலிடத்தில் ஒரே பெயர்: கரோல் கிங். 'இட்ஸ் டூ லேட்' என்ற சிங்கிள் ஐந்து வாரம் அந்த இடத்தில் நின்றது. அது இடம்பெற்ற 'டேப்ஸ்ட்ரி' ஆல்பமோ தொடர்ந்து 15 வாரம் இறங்கவே இல்லை. இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது புதுப் பெயர் இல்லை. பத்து ஆண்டுகளாக அவர்கள் விற்ற தட்டுகளில், பாட்டின் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சான பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு.

இந்த ஆல்பம் ஏன் அப்படி ஓடியது என்பதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்வார்கள். அறுபதுகளின் கூச்சலில் களைத்துப்போன தலைமுறை மென்மையான இசையைத் தேடியது என்பது ஒன்று. விவாகரத்தான ஒரு பெண் தன் மனதைத் திறந்து பாடினார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் மனதைத் திறந்து பாடியவர்கள் ஏராளம். 'டேப்ஸ்ட்ரி'யைத் தனியாக நிறுத்தியது அது செய்யப்பட்ட விதம் என்றே நான் நினைக்கிறேன். பத்து ஆண்டுகள் பிறருக்காக டெமோ செய்து பழகிய ஒருவரிடம், அந்த டெமோ எப்படி இருக்குமோ அதையே ஆல்பமாகக் கொடுக்கலாம் என்று ஒரு தயாரிப்பாளர் முடிவு செய்தார். மற்ற எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை.

டெமோ என்பது பாட்டு எழுதியவர், அதைப் பாடப்போகும் நட்சத்திரத்துக்கோ அவருடைய தயாரிப்பாளருக்கோ போட்டுக் காட்டுவதற்காகச் செய்யும் மாதிரிப் பதிவு. நம் திரையிசையில் ட்ராக் பாடுவார்களே, ஏறத்தாழ அதுபோல. ஒரு வித்தியாசம், இங்கே பெரும்பாலும் மெட்டுப் போட்டவரே உட்கார்ந்து வாசித்துப் பாடுவார். ரசிகர் காதுக்குப் போகாத பதிவு அது. வேலை முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும். ஆனாலும் அதில் ஏமாற்ற முடியாது. கேட்பவர் இசைத்தொழிலில் ஊறியவர், அவருக்கு நேரமும் கிடையாது. பாட்டின் எலும்பு சரியில்லை என்றால் முதல் அரை நிமிடத்திலேயே அடுத்ததை எடுத்துவிடுவார்.

1942இல் நியூயார்க்கில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த கரோல் கிங், இந்தக் கலையைக் கற்றது பிராட்வே 1650ஆம் எண் கட்டடத்தில். டான் கிர்ஷ்னரும் ஆல் நெவின்ஸும் நடத்திய ஆல்டன் மியூசிக் என்ற பாட்டு வெளியீட்டு நிறுவனம் அங்கே இருந்தது. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ. ஓர் அறையில் கரோலும் கணவர் ஜெர்ரி காஃபினும், பக்கத்தில் பேரி மேன், சிந்தியா வைல் தம்பதி. சுவர் தாண்டி அடுத்தவர் மெட்டு காதில் விழும். 1959இல் காஃபினை மணந்தபோது கரோலுக்கு 17 வயது. காஃபின் பகலில் ரசாயன ஆய்வகத்தில் வேலை பார்த்தார், மாலையில் வரிகள் எழுதினார். கைக்குழந்தை வேறு. அந்தச் சூழலில் 1960இல் எழுதியதுதான் 'வில் யூ லவ் மீ டுமாரோ'. ஷிரெல்ஸ் குழுவினர் பாடி, 1961 ஜனவரியில் பட்டியலின் உச்சிக்குப் போனது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அந்தப் பதிவின் வயலின் பகுதியை எழுதியவரும் கரோல்தான். அப்போது அவருக்கு இருபது வயது ஆகவில்லை.

1962இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. 'லோகோமோஷன்' பாட்டின் டெமோவை, அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட லிட்டில் ஈவா என்ற இளம்பெண்ணைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். வேறு பாடகரைத் தேட வேண்டாம், இதையே வெளியிடலாம் என்றார் கிர்ஷ்னர். முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் பாபி வீ என்ற பாடகருக்காகக் கரோலே பாடி வைத்திருந்த 'இட் மைட் ஆஸ் வெல் ரெய்ன் அன்டில் செப்டம்பர்' டெமோவும் அப்படியே வெளியானது. அமெரிக்காவில் 22ஆம் இடம், பிரிட்டனில் மூன்றாம் இடம். ஆக, 'டேப்ஸ்ட்ரி'க்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அவர் பெயரில் ஒரு ஹிட் இருந்தது, அதுவும் டெமோதான். இந்தத் தகவலைப் பலர் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ முழுக் கதைக்கும் திறவுகோல் அதில் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஏனென்றால் கரோலின் டெமோவில் வெறும் மெட்டு மட்டும் இருக்காது. இடது கையில் பேஸும் (கீழ் ஸ்தாயி வாத்தியம்) டிரம்ஸும் எப்படி நடக்க வேண்டும் என்பது இருக்கும். வலது கையில் வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், பித்தளை வாத்தியம் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்பது இருக்கும். பின்னணிக் குரல்களையும் அவரே பாடி வைத்திருப்பார். நட்சத்திரத்துக்காக இசை ஒழுங்கு செய்தவர்கள் பல சமயம் அந்தப் பியானோவில் இருந்ததை வேறு வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலே போதும் என்ற நிலை. ஆல்டன் நிறுவனத்தின் மேற்குக் கரை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட லூ ஆட்லர் என்ற இளைஞரின் வேலையே இந்த டெமோக்களை லாஸ் ஏஞ்சலிஸ் பாடகர்களுக்குப் போட்டுக் காட்டுவதுதான். கேட்டவர்கள் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொள்வார்களாம். பின்னாளில் மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் தயாரிப்பாளராகவும், 1967 மான்டெரே இசை விழாவை நடத்தியவர்களில் ஒருவராகவும் பெரிய ஆளான பிறகும் அந்த ஒலி ஆட்லரின் காதை விட்டுப் போகவில்லை.

அதற்குள் காலம் மாறிவிட்டது. பீட்டில்ஸும் பாப் டிலனும் வந்தபின், பாடகருக்குப் பாட்டு எழுதித் தரும் தொழிலே ஆட்டம் கண்டது. தானே எழுதித் தானே பாடுவதுதான் மதிப்பு என்றாகிவிட்டது. காஃபின்-கிங் இணை சும்மா இருக்கவில்லை. 1967இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் ஒரு தலைப்பைச் சொல்ல, பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்காக 'எ நேச்சுரல் வுமன்' எழுதினார்கள். ஆனால் திருமணம் முறிந்தது. 1968இல் கரோல் லூயிஸ், ஷெர்ரி என்ற இரண்டு மகள்களுடன் லாஸ் ஏஞ்சலிஸின் லாரல் கேன்யனுக்கு வந்தார். அங்கே கிட்டார் கலைஞர் டேனி கோர்ச்மார், பேஸ் வாசித்த சார்லி லார்க்கி இருவரோடும் சேர்ந்து 'த சிட்டி' என்ற குழுவை அமைத்தார். ஆட்லரின் ஓட் இசைத்தட்டு நிறுவனம் அவர்களுடைய ஒரே ஆல்பத்தை வெளியிட்டது. மேடை ஏறக் கரோலுக்குப் பயம், அதனால் சுற்றுப்பயணம் இல்லை. விற்பனையும் இல்லை.

மேடைப் பயத்தைப் போக்கியதில் பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்குப் பெரிய பங்கு உண்டு. 1970 பிப்ரவரியில் வெளியான டெய்லரின் 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' ஆல்பத்தில் பியானோ வாசித்தவர் கரோல். பிறகு அவர் குழுவில் வாசிப்பவராகவே சுற்றுப்பயணம் போனார். கரோல் முன்பு படித்த குயின்ஸ் கல்லூரியில் கச்சேரி நடந்தபோது, 'அப் ஆன் த ரூஃப்' பாட்டை நீங்களே பாடுங்கள் என்று டெய்லர் அவரை முன்னே தள்ளினார். டிரிஃப்டர்ஸ் குழு பாடிப் பிரபலமான அந்தப் பாட்டை எழுதியவர் இந்தப் பியானோக்காரர்தான் என்று கூட்டத்துக்கு அறிமுகமும் செய்தார். அது நன்றாகவே போனது. 1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் ட்ரூபடோர் அரங்கில் இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'டேப்ஸ்ட்ரி'க்கு முன்னால் 1970இலேயே கரோல் கிங்கின் முதல் தனி ஆல்பம் 'ரைட்டர்' வந்துவிட்டது. கோர்ச்மார், லார்க்கி, டெய்லர் எல்லாரும் அதிலும் வாசித்திருக்கிறார்கள். பாட்டுகளும் மட்டமில்லை, 'அப் ஆன் த ரூஃப்' அதில்தான் இருக்கிறது. ஆனால் வெளிவந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 'டேப்ஸ்ட்ரி' ஓடத் தொடங்கிய பிறகுதான் அதை வாங்கினார்கள், அப்போதும் 84ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஒரே பாடகி, ஏறத்தாழ அதே வாத்தியக்காரர்கள், சில மாத இடைவெளி. வெற்றிக்குக் காரணம் காலம்தான் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேட்டால் வித்தியாசம் சீக்கிரமே புரியும். 'ரைட்டர்' ஆல்பத்தில் குரல் ஒரு ராக் குழுவுக்கு நடுவே நிற்கிறது. கிட்டார், டிரம்ஸ், ஆர்கன் எல்லாம் தங்கள் இடத்தைக் கேட்கின்றன, பியானோ அவற்றில் ஒன்று. கரோலின் குரல் அந்த நெரிசலுக்கு ஏற்ற குரல் அல்ல. உச்ச சுரங்களில் லேசாகக் கீறும், மூக்கின் சாயல் உண்டு, நீட்டி அலங்கரிக்கும் பழக்கம் கிடையாது. பெரிய குழுவோடு போட்டி போட்டால் தோற்றுவிடும். பக்கத்தில் வந்து பேசினால் யாரும் எழுந்து போக முடியாது. வரிகளும் வேறு. 'ரைட்டர்' பாட்டுகளில் பெரும்பாலானவை காஃபினின் வரிகள், இன்னொருவர் பாடுவதற்கு ஏற்றவை. 'டேப்ஸ்ட்ரி'யின் 12 பாட்டுகளில் ஏழுக்குச் சொல்லும் மெட்டும் கரோலுடையவை.

1971 ஜனவரியில் ஆட்லர் தானே தயாரிப்பாளராக உட்கார்ந்தார். பியானோவில் கரோல் இருக்கிறார், பக்கத்தில் நாம் இருக்கிறோம் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும், பழைய டெமோக்களில் இருந்த அந்த உணர்வு வர வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். இடம் ஹாலிவுட்டில் லா ப்ரேயா சாலையில் இருந்த ஏ அண்ட் எம் ஸ்டூடியோவின் பி அறை. ஒரு காலத்தில் சார்லி சாப்ளின் படம் எடுத்த வளாகம் அது. சி அறையில் பாடகி ஜோனி மிட்செல் 'ப்ளூ' ஆல்பத்தைப் பதிவு செய்தார். கார்ப்பென்டர்ஸ் குழுவின் இசை வளர்ந்ததும் அதே வளாகத்தில்தான். எழுபதுகளின் மென்மையான ராக் இசைக்கு ஒரு பிறப்பிடம் சொல்ல வேண்டுமானால் அந்த வாசலைக் காட்டலாம்.

ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹேங்க் சிக்கலோ. மொத்த வேலையும் ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்தது, செலவு சுமார் 22,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடப்பது ராக் குழுக்களுக்குப் பெருமையாகிக்கொண்டிருந்த நேரத்தில் இது குறைவுதான். ஆனால் பழைய பிராட்வே பழக்கத்தில் வந்தவருக்கு மூன்று வாரம் தாராளம். டெமோ செய்பவர் பாட்டோடுதான் உள்ளே போவார். உள்ளே போய்ப் பாட்டைத் தேட மாட்டார்.

வாசித்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் முன்பே அறிந்தவர்கள். கோர்ச்மார் கிட்டாரும் காங்கா மேளமும். லார்க்கி பேஸ், அதற்குள் அவர் கரோலின் கணவராகியிருந்தார். டிரம்ஸ் ரஸ் குன்கல், ஜோயல் ஓ'பிரையன் இருவரும், பாட்டுக்கு ஒருவராக. எலெக்ட்ரிக் பியானோ ரால்ஃப் ஷக்கெட். சாக்ஸபோன், புல்லாங்குழல் ஜாஸ் கலைஞர் கர்டிஸ் எய்மி, அவர் மனைவி மெர்ரி கிளேட்டன் பின்னணிக் குரல். இவர்கள் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை, ஆனால் இந்த ஆல்பத்தில் எதையும் நிரூபிக்க வாசிக்கவில்லை. பியானோவின் இடது கை ஏற்கெனவே தாளத்தைச் சொல்லிவிடுவதால் டிரம்ஸ் அதை அழுத்திக் காட்டினாலே போதும். பேஸ் அந்தக் கையோடு ஒட்டி நடக்கும். ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்' வேகமானது, ராக் என்ற சொல்லுக்கு இந்தத் தட்டில் முழு உரிமை உள்ள பாட்டு. அதைத் தூக்கிச் செல்வதும் கிட்டார் அல்ல, கீழ் ஸ்தாயியில் குத்தி வாசிக்கும் பியானோதான்.

'இட்ஸ் டூ லேட்' பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வரிகள் பாடலாசிரியர் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. ஒரு பெண், உறவு முடிந்துவிட்டது என்கிறாள். யார்மீதும் பழி போடவில்லை, அழவில்லை, திரும்பி வா என்று கெஞ்சவில்லை. முயன்று பார்த்தோம், உள்ளே ஏதோ அணைந்துவிட்டது, நடிக்க முடியாது, அவ்வளவுதான். அதுவரை வானொலியில் ஒலித்த பிரிவுப் பாட்டுகளில் பெண் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகப்பட்டவள். இங்கே முடிவெடுப்பவள். மெட்டும் இதற்கு ஒத்துப்போகிறது. பாட்டின் தொடக்கம் ஏ மைனர், டி என்ற இரண்டு கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளுக்கு) நடுவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேராது. ஒரு வீட்டில் நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருவர் கிடக்கும் காட்சியை வரிகள் சொல்லும்போது, கார்டுகளும் அதே இடத்திலேயே கிடக்கின்றன. பல்லவியில் திடீரென்று பி ஃப்ளாட் மேஜர் செவன், எஃப் மேஜர் செவன் என்று ஒலி விரிகிறது. சொல்வது சோகமான சேதி, வருவதோ ஒரு ஜன்னலைத் திறந்த உணர்வு. பிரிவிலும் ஒரு விடுதலை உண்டு என்பதைக் கார்டே சொல்லிவிடுகிறது, வரிகள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குமேல் நடுவில் எய்மியின் சொப்ரானோ சாக்ஸ் வந்து, இன்னும் பேச ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சுற்றிவிட்டுப் போகும். மெட்டுக்கும் பொருளுக்கும் இவ்வளவு நெருக்கம் உள்ள பாப் பாட்டு அபூர்வம்.

'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட்' இன்னும் துணிச்சலானது. அதில் டிரம்ஸ் செட்டே கிடையாது. பியானோ, டெய்லரின் அக்குஸ்டிக் கிட்டார், பேஸ், கொஞ்சம் தந்தி வாத்தியங்கள். சரணம் மைனரில் தொடங்கிப் பல்லவி மேஜரில் திறக்கும், துயரத்தில் இருப்பவரிடம் ஆள் வந்து சேர்வதுபோல. தந்தி வாத்தியங்கள் உருகி வழியாமல், கரோலின் வலது கை விட்ட இடத்தை மட்டும் நிரப்புகின்றன. அந்தச் சிறு தந்திக் குழுவில் வாசித்த டேவிட் கேம்பெல் பிற்காலத்தில் பல நூறு ஆல்பங்களுக்குத் தந்தி வாத்திய இசை எழுதியவர்.

இந்தப் பாட்டை டெய்லர் ட்ரூபடோரில் கேட்டு மயங்கி, தன் அடுத்த ஆல்பத்துக்கு வேண்டும் என்று கேட்டார். கரோல் சரி என்றார். தன் ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்றை, அதே வாரங்களில் அதே ஊரில் இன்னொருவர் பதிவு செய்ய விடுவதை இன்றைய நிர்வாகி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பத்து ஆண்டுகளாக எழுதியதை எல்லாம் பிறர் பாடக் கொடுத்தே வாழ்ந்தவருக்கு அது இயல்பு. டெய்லரின் பதிவு ஜூலை இறுதியில் முதலிடம் போனது. 'டேப்ஸ்ட்ரி'க்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. வானொலியில் அவர் குரலில் கேட்டவர்கள், எழுதியவரின் குரலைத் தேடிக் கடைக்கு வந்தார்கள்.

ஆல்பத்தின் உள்ளே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு பழைய பாட்டுகளை அவர் திரும்பப் பாடியிருப்பது. ஷிரெல்ஸ் பாடிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' துள்ளலான தாளம் கொண்டது. இன்றிரவு நீ சொல்வது நாளையும் நிலைக்குமா என்று ஒரு பதின்வயதுப் பெண் கேட்கிறாள், கேள்வியில் பயம் இருந்தாலும் தாளம் அவளைத் தாங்கிப் பிடிக்கிறது. கரோல் அதை மெதுவாக்கினார். தாளத்தின் தாங்கல் போய்விட்டது. இரண்டு குழந்தைகள், ஒரு விவாகரத்து, மறுமணம் எல்லாம் கண்டவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, பதில் என்னவாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்று நமக்கும் தெரிகிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பாட்டின் பொருள் மாறிவிட்டது. பின்னால் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும் பாடுகிறார்கள். உறையில் அதை 'மிட்செல்-டெய்லர் ஆண் பெண் பாடகர் குழு' என்று செல்லமாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

'எ நேச்சுரல் வுமன்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அரீத்தா ஃபிராங்க்ளின் பதிவில் வயலின்கள், பித்தளை வாத்தியங்கள், அரீத்தாவின் சகோதரிகள் எர்மா ஃபிராங்க்ளின், கரோலின் ஃபிராங்க்ளின் இருவரின் பின்னணிக் குரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கோயிலே எழும்பும். அதோடு போட்டியிட எந்தப் பாடகிக்கும் தெம்பு வராது. கரோல் போட்டிக்கே போகவில்லை. பியானோ, பேஸ், குரல். கேட்கும்போது, வெக்ஸ்லரிடமும் அரீத்தாவிடமும் போகும் முன் இந்தப் பாட்டு முதலில் எப்படி ஒலித்திருக்கும் என்று காதுக்குத் தெரிகிறது. அரீத்தாவின் பதிவு நன்றி சொல்லும் பிரார்த்தனை என்றால், இது தனியாக இருக்கும்போது தனக்குள் ஒப்புக்கொள்வது. டெமோவின் சாயலில் ஆல்பம் என்ற ஆட்லரின் எண்ணம் முழுதாக வெளிச்சத்துக்கு வரும் இடம் இதுதான்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'ஸ்மாக்வாட்டர் ஜாக்' துப்பாக்கிக்காரன் கதை சொல்லும் பாட்டு, ஜாலியாகப் போகும், ஆனால் அதன் உலகம் வேறு. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் உருவகங்கள் கொஞ்சம் கனம். வெள்ளையாகப் பேசும்போதுதான் கரோலின் வரிகளுக்கு பலம். நெடுந்தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிய 'சோ ஃபார் அவே' பாட்டில் அணி எதுவும் கிடையாது. இப்போதெல்லாம் யாரும் ஓரிடத்தில் தங்குவதே இல்லையா என்று கேட்கிறார், அந்தக் கேள்வியே போதுமாக இருக்கிறது. சுற்றுப்பயணமே வாழ்க்கையாகிப்போன இசைக்காரர்களின் ஊரில் எழுதியது. கடைசியில் எய்மியின் புல்லாங்குழல் மெல்ல விலகிக்கொண்டே போகும்.

'வேர் யூ லீட்' பாட்டின் கதை தனி. நீ எங்கே போனாலும் பின்னால் வருவேன் என்று ஓர் ஆணிடம் பெண் சொல்லும் பாட்டு. பெண்ணுரிமைக் குரல்கள் உயர்ந்த காலத்தில் கரோலுக்கே அது உறுத்தியது, கச்சேரிகளில் பாடுவதைத் தவிர்த்தார். 2000இல் தொடங்கிய 'கில்மோர் கேர்ள்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடருக்குத் தலைப்புப் பாட்டாக அதைக் கேட்டபோது, தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பாட்டாக வரிகள் மாறின. தன் மூத்த மகள் லூயிஸ் காஃபினுடன் சேர்ந்து பாடித் தந்தார்.

உறைப்படத்துக்கும் அதே மனநிலைதான். ஏ அண்ட் எம் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜிம் மெக்ரேரி ஸ்டூடியோ விளக்குகளை விட்டுவிட்டு, லாரல் கேன்யனில் கரோலின் வீட்டுக்கே போனார். ஜன்னலோரம், பகல் வெளிச்சம், ஜீன்ஸ், வெறுங்கால், சுருட்டை முடி, கையில் அவரே தைத்த துணி. முன்னால் டெலிமாக்கஸ் என்ற பூனை. அன்றைய பெண் பாடகிகளின் உறைகளில் இருந்த ஒப்பனையோ அழகுக் கோணமோ இல்லை. தட்டைத் திருப்பிப் போட்டால் என்ன குரல் வருமோ, அதற்குப் பொருத்தமான முகம் உறையில் இருந்தது.

ஆல்பம் 1971 பிப்ரவரி 10 அன்று வெளியானது, கரோலுக்கு 29 வயது நிறைந்த மறுநாள். மார்ச் முதல் தேதியிட்ட டைம் இதழ் ஜேம்ஸ் டெய்லரை அட்டையில் போட்டு, ராக் இசை மெல்லிய குரலுக்குத் திரும்பியதைப் பற்றி எழுதியது. பண்பலை வானொலிகள் ஆல்பத்தின் பல பாட்டுகளைப் போடத் தொடங்கியிருந்தன. வசந்தத்தில் டெய்லரின் கச்சேரிகளில் முன்னதாகப் பாடினார், ஜூன் 18 அன்று கார்னகி ஹாலில் தனியாகவே கச்சேரி செய்தார். மறுநாள் தேதியிட்ட பட்டியலில்தான் அந்த இரட்டை முதலிடம்.

வாங்கியவர்களில் பெண்கள் ஏராளம் என்பதை அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும், தனியாகக் குழந்தை வளர்க்கும், மணவாழ்க்கை பற்றி மறுயோசனையில் இருக்கும் பெண்கள். கரோல் அவர்களுக்காகப் பேசுகிறேன் என்று எங்கும் சொன்னதில்லை, பேட்டிகளே அரிதாகத்தான் கொடுத்தார். 1972 மார்ச்சில் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு, சிறந்த பாடல், சிறந்த பெண் பாப் குரல் நான்கும் அவருக்கு. சிறந்த பாடல் விருதை ஒரு பெண் பெற்றது அதுவே முதல் தடவை. விழாவுக்கு அவர் போகவில்லை. டிசம்பர் கடைசி நாளில் மகள் மாலி பிறந்திருந்தாள், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார். ஆட்லர் போய் வாங்கி வந்தார்.

அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது, உலக அளவில் இரண்டரைக் கோடி என்று கணக்கு சொல்கிறார்கள். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் மொத்தம் 300 வாரங்களுக்கு மேல் இருந்தது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு 1990இல் காஃபினோடு சேர்த்துப் பாடலாசிரியராக அவரைச் சேர்த்துக்கொண்டது. பாடகியாகச் சேர்க்க 2021 வரை எடுத்துக்கொண்டது. இந்தத் தாமதம் எனக்கு விளங்கவில்லை.

1971 டிசம்பரில் வந்த 'மியூசிக்' ஆல்பமும் முதலிடம் பிடித்தது, 1974இல் 'ராப் அரவுண்ட் ஜாய்' ஆல்பமும் பிடித்தது. நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் 'டேப்ஸ்ட்ரி' மறுபடி நிகழவில்லை. அதற்குப் பத்து ஆண்டுச் சேமிப்பு இருந்தது, அடுத்ததற்குச் சில மாதங்களே. அந்த ஒலி மட்டும் வேறு வழியில் பரவியது. கோர்ச்மாரும் குன்கலும் பேஸ் கலைஞர் லீலண்ட் ஸ்க்லார், கீபோர்டு கலைஞர் கிரெய்க் டோர்ஜ் இருவரோடும் சேர்ந்து 'த செக்‌ஷன்' என்ற குழுவானார்கள். எழுபதுகள் முழுக்க லாஸ் ஏஞ்சலிஸில் தானே எழுதிப் பாட வந்தவர்களில் பலர் அவர்களைத்தான் அழைத்தார்கள். பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் வாசிக்காமல் இருப்பது எப்படி என்பது அவர்களுக்குக் கைவந்திருந்தது.